ஐந்தாம் வகுப்பின் கடைசி இரண்டு மாதங்கள்

2023 ஜூனில் வெயில் கொளுத்தியதால் பள்ளி திறப்பைத் தள்ளிப்போட்டார்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை 12ஆம் தேதி, ஒன்று முதல் ஐந்து வரை 14ஆம் தேதி. அந்த இரண்டு நாள் வித்தியாசம் இல்லாமல் போயிருந்தால் இதையெல்லாம் நான் யோசித்தே இருக்க மாட்டேன்.

14ஆம் தேதி காலை. வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் வாசித்துக்கொண்டிருக்கிறேன். ஐந்தாம் வகுப்பு வரிசையில் சுவரோரமாக ஒரு பையன் உட்கார்ந்திருக்கிறான். மே மாதம் டி.சி. வாங்கிக்கொண்டு பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போனவன். புத்தகப்பையை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்திருந்தான். போன வருடம் உட்கார்ந்த அதே மூலை.

"என்னடா, இங்க வந்துட்ட?"

"சும்மா டீச்சர்."

மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. எழுந்தான், நேராகக் கழிப்பறைக்குப் போனான், வந்து குழாயடியில் வெகுநேரம் தண்ணீர் குடித்தான். மத்தியானம் சாப்பிட்ட பிறகுதான் வாயைத் திறந்தான். "அங்க ஒண்ணுக்குப் போற இடம் எங்க இருக்குன்னு தெரியல டீச்சர். யாருகிட்ட கேக்குறதுன்னும் தெரியல."

இரண்டு நாளும் காலையிலிருந்து சாயங்காலம் வரை அடக்கிக்கொண்டே இருந்திருக்கிறான். போக வேண்டி வந்துவிடுமே என்று தண்ணீரும் குடிக்கவில்லை. அந்த ஜூன் வெயிலில்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் அறந்தாங்கிப் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. ஈராசிரியர் தொடக்கப்பள்ளி. எச்.எம். சார் ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்பை வைத்துக்கொள்கிறார்; நான்கும் ஐந்தும் என்னிடம். ஐந்து முடித்தால் மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கிற பள்ளிக்குத்தான் போக வேண்டும். அந்தப் பையனைப் பற்றி நான் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. பதினாறாம் வாய்ப்பாடு வரை மூச்சுவிடாமல் சொல்வான். கவலைப்பட வேண்டிய பிள்ளைகள் என்று மனதுக்குள் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். அதில் அவன் இல்லை. வாசிக்கத் தெரிகிறதா, கழித்தல் வருகிறதா என்பதை வைத்துப் போட்ட பட்டியல் அது. தெரியாத ஓரிடத்தில், தெரியாத ஒரு பெரியவரிடம், ஒண்ணுக்குப் போக வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்க வருமா என்று நான் யாரையும் சோதித்துப் பார்த்ததில்லை.

மறுநாள் காலை என் வண்டியிலேயே அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே வகுப்பாசிரியர் நல்ல மனிதர். ஏழெட்டு ஊர்களிலிருந்து வந்த பிள்ளைகள், இரண்டு நாளாகப் புத்தகம் கொடுப்பது, பெயர் சேர்ப்பது, வங்கிக் கணக்கு விவரம் வாங்குவது என்று அவருக்குத் தலைக்கு மேல் வேலை. ஒரு பையன் வராததை அவர் கவனித்திருந்தார்; காரணம் தெரியாது. நாங்கள் எதுவும் சொல்லி அனுப்பவில்லையே. எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைப்பதில்லை என்பதால் அடுத்த வகுப்பு தானாக வந்துவிடும் என்று நினைத்துக்கொள்கிறோம். டி.சி. கொடுத்து, மாணவர் விவரம் ஏற்றும் கல்வித்துறை இணையதளமான எமிஸில் பொதுத் தொகுப்புக்கு அனுப்பி, அங்கிருந்து அந்தப் பள்ளி எடுத்துக்கொண்டதும் நம் வேலை முடிந்துவிடுகிறது. பெயர் போய்ச் சேர்ந்துவிடும். பிள்ளை போய்ச் சேர இன்னும் பல நாள் ஆகும்.

இதில் அந்த வருடப் பிள்ளைகளுக்கு ஒரு கூடுதல் பாரமும் உண்டு. 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது அவர்கள் இரண்டாம் வகுப்பு. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரை 2021 நவம்பர் 1ஆம் தேதி திறந்தபோது நான்காம் வகுப்பு. மூன்றாம் வகுப்பு என்ற ஒன்று அவர்களுக்கு இல்லவே இல்லை. அடுத்து 2022 ஜூனில், அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் சரிசெய்கிற எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. அது முதலில் மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான். நான்கு, ஐந்துக்கு நீட்டியது அதற்கடுத்த வருடம். அதற்குள் இவர்கள் ஐந்தைத் தாண்டிவிட்டார்கள். இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர் அக்காவிடம் சாயங்காலம் போய்ப் படித்ததுதான் அவர்களுக்குக் கிடைத்த துணை. பழகுவதற்கே நேரம் கிடைக்காத பிள்ளைகளை இன்னொரு புது இடத்துக்கு அனுப்பினோம்.

அந்த வருடத்திலிருந்து, மார்ச், ஏப்ரல் இரண்டு மாதமும் ஐந்தாம் வகுப்புக்குப் பாடத்தோடு, ஆறாம் வகுப்புக்குப் பழக்கிவிடுகிற வேலையையும் சேர்த்துச் செய்கிறேன். இரண்டு வருடத்தில் எது உதவியது, எதில் தவறினேன் என்று சொல்கிறேன்.

முதலில் கேட்கிற விதம். "ஆறாப்புக்குப் போக பயமா இருக்கா?" என்று கேட்டால் ஆறு பிள்ளைகளும் ஒரே குரலில் "இல்லை டீச்சர்" என்பார்கள். பயம் என்று சொன்னால் பக்கத்தில் இருக்கிறவன் சிரிப்பான். அதனால் வேறு மாதிரி கேட்டேன். "பக்கத்து ஊர்ல ஒரு தம்பி இருக்கான். உங்களை மாதிரியே அஞ்சாப்பு முடிக்கிறான். அவனுக்கு என்னென்ன கவலை இருக்கும்னு எழுதுங்க. உங்க பேரு போட வேண்டாம்." எழுதச் சிரமப்படுகிறவர்கள் படம் போடலாம் என்றேன்.

வந்த தாள்களில் கணக்கு, ஆங்கிலம் என்று ஒன்றிரண்டுதான். மீதி இப்படி: 'பஸ்ஸை விட்டுட்டா எப்படி வர்றது.' 'பெரிய அண்ணன்கள் அடிப்பாங்களா.' 'எந்த நோட்ட எந்தக் கிழமை எடுத்துட்டுப் போகணும்.' 'சாப்பாட்டுத் தட்டு தொலஞ்சு போச்சுன்னா.' 'பாத்ரூம்ல தாழ்ப்பாள் இருக்குமா.' ஒரு தாளில் ஒரே வரி: 'அங்க அவன் பேரு யாருக்கும் தெரியாது.'

அந்த வரியைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் தாளைக் கீழே வைக்க முடியவில்லை. எங்கள் பள்ளியில் 31 பிள்ளைகள். ஐந்தாம் வகுப்பு என்றால் ஊருக்கே மூத்தவர்கள். மணி அடிப்பது அவர்கள், காலை வழிபாட்டில் முன்னால் நிற்பது அவர்கள், ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு மூக்கைத் துடைத்துவிடுவதும் அவர்கள். ஜூன் மாதம் ஒரே நாளில் ஒரு பெரிய கூட்டத்தின் கடைக்குட்டி ஆகிவிடுகிறார்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு அது சின்ன இழப்பா?

இந்தக் கவலைகளில் பாதிக்கு மருந்து, போய்ப் பார்ப்பதுதான். வட்டாரக் கல்வி அலுவலரிடம் சொல்லிவிட்டு, பெற்றோரிடம் கையெழுத்து வாங்கி, மார்ச் கடைசியில் ஒரு நாள் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறோம். ஊர்ப்பேருந்தில்தான். தனி வண்டி வைத்தால் பேருந்து பழகாது. எங்கே ஏறுவது, எந்த இடத்தில் இறங்குவது, சாயங்காலம் எந்தப் பக்கம் நிற்பது, பேருந்து போய்விட்டால் எந்தக் கடைக்காரரிடம் போய் வீட்டுக்குப் போன் போடச் சொல்வது, இதெல்லாம் அன்றைக்கே முடிந்துவிடும்.

முதல் வருடம் நானே முன்னால் நின்று சுற்றிக்காட்டினேன். அது சரியாக வரவில்லை. நான் கட்டடத்தைக் காட்டினேன். ஆய்வகம், நூலகம், ஸ்மார்ட் வகுப்பறை. பிள்ளைகள் தலையாட்டினார்கள். இரண்டாம் வருடம் எங்களிடமிருந்து போன பழைய பிள்ளைகள் இரண்டு பேரிடம் விட்டுவிட்டு நான் மரத்தடியில் உட்கார்ந்துகொண்டேன். அவர்கள் காட்டியது வேறு பள்ளிக்கூடம். எந்தக் குழாயில் தண்ணீர் வேகமாக வரும், சத்துணவு வரிசையில் எந்தப் பக்கம் நின்றால் தள்ளுமுள்ளு இருக்காது, கழிப்பறைக்கு இடைவேளையில் போனால் கூட்டம், அதனால் பாடவேளை முடிகிற சமயம் கேட்டுக்கொண்டு போக வேண்டும், எந்த சார் சத்தமாகப் பேசுவார் ஆனால் அடிக்க மாட்டார். பெண்பிள்ளைகளுக்கு ஒரு பெண்பிள்ளையே தனியாகக் காட்ட வேண்டும். இந்த வயதில்தான் சிலர் பெரியவளாகிறார்கள். நாப்கின் யாரிடம் கேட்பது, பயன்படுத்தியதை எங்கே போடுவது என்பதை அக்கா ஒருத்தி சொன்னால் காதில் ஏறும். நானும் வகுப்பில் ஒருநாள் பெண்பிள்ளைகளிடம் தனியாக இதைப் பேசிவிடுகிறேன். அம்மா சொல்லிக்கொள்வார் என்று விட்டுவிடக் கூடாது. பல வீடுகளில் யாரும் சொல்வதில்லை.

அடுத்தது மணி. ஐந்தாம் வகுப்பு வரை நாள் முழுக்க ஒரே டீச்சர். தமிழ் கொஞ்சம் இழுத்தால் கணக்கு மத்தியானத்துக்குத் தள்ளும். அங்கே ஐந்து பாடத்துக்கு ஐந்து ஆசிரியர், மணி அடித்தால் ஆள் மாறும். ஏப்ரல் மாதம் மட்டும் நாற்பது நிமிடத்துக்கு ஒரு மணி வைத்தோம். இரண்டு பாடவேளைக்கு எச்.எம். சார் என் வகுப்புக்கு வருவார், நான் அவர் வகுப்புக்குப் போவேன். கால அட்டவணையைப் பிள்ளைகளே அட்டையில் எழுதி, இரவில் பை அடுக்கிப் பழகினார்கள். முதல் வாரம் ஒரே குழப்பம். அந்தக் குழப்பம் எங்கள் கண்முன்னால் நடந்து முடியட்டும் என்பதுதான் எண்ணம்.

இனி, நான் தவறிய இடம். டி.சி.யில் ஒரு பிள்ளையைப் பற்றி என்ன தெரியும்? பிறந்த தேதி, அங்க அடையாளம். ஐந்து வருடம் பார்த்த நமக்குத் தெரிந்தது எதுவும் அதில் ஏறாது. அதனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அரைப் பக்கம் எழுதி அந்தப் பள்ளி ஆசிரியரிடம் கொடுக்கத் தொடங்கினேன். முதல் வருடம் எழுதியதை இப்போது நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது. 'படிப்பில் பின்தங்கியவன்.' 'அடிக்கடி விடுப்பு.' ஒரு பையனுக்கு, 'பிறர் பொருளை எடுக்கும் பழக்கம் உண்டு, கவனிக்கவும்.' மூன்றாம் வகுப்பில் இரண்டு முறை பென்சில் எடுத்தவன் அவன். அதற்குப் பிறகு இல்லை. ஆனால் நான் எழுதிவிட்டேன். ஜூலையில் அங்கே ஒரு பிள்ளையின் ஜாமெட்ரி பாக்ஸ் காணாமல் போனபோது முதலில் அவன் பையைத்தான் பார்த்தார்கள். அவன் எடுக்கவில்லை. அவன் அம்மா என்னிடம் வந்து, "நீங்களே சொல்லிட்டீங்களா டீச்சர்?" என்று மட்டும் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அதற்குப் பிறகு மூன்றே கேள்விக்குத்தான் எழுதுகிறேன். இந்தப் பிள்ளை எதில் கெட்டி? எது நடந்தால் கலங்கும்? கலங்கினால் என்ன செய்தால் தேறும்? எழுதியதைப் பிள்ளையிடமும் வீட்டிலும் படித்துக் காட்டுகிறேன். அவர்கள் வேண்டாம் என்கிற வரியை எடுத்துவிடுவேன். சில தாள்கள் இப்படி இருக்கும்: 'இடது காது மந்தம், கேட்காததைக் கேட்டதுபோல் தலையாட்டுவான், வலப்பக்கம் ஆசிரியர் இருக்கும்படி முன்னால் உட்கார வையுங்கள்.' 'சத்தம் போட்டால் நாள் முழுக்கப் பேச மாட்டாள். கிட்டத்தில் போய்ச் சொன்னால் சொன்னதற்கு மேல் செய்வாள்.' 'அப்பா வெளிநாட்டில். அவர் போன் வரும் வெள்ளிக்கிழமைக்கு மறுநாள் மந்தமாக இருப்பான், திட்ட வேண்டாம்.' ஒரு பெண்பிள்ளையிடம் படித்துக் காட்டியபோது, "நான் எங்க அப்பத்தா வெத்தலை போடுற மாதிரி நடிச்சுக் காட்டுவேன்னும் எழுதுங்க டீச்சர்" என்றாள். எழுதினேன். 

வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைக்கும் 'பின்தங்கியவன்' என்று எழுதுவதில்லை. 'ஒற்றெழுத்து இல்லாத சொற்களைச் சரளமாக வாசிப்பான், ஒற்றெழுத்து வந்தால் நிற்பான்' என்று எழுதினால், எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று அந்த ஆசிரியருக்குத் தெரிந்துவிடும்.

காலைச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 2023 ஆகஸ்ட் 25ஆம் தேதி காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்தபோது எங்கள் பள்ளிக்கும் வந்தது. மகளிர் குழுவைச் சேர்ந்த அம்மாக்கள்தான் சமைக்கிறார்கள். பொங்கல், உப்புமா, கிச்சடி, கூடவே சாம்பார். வழிபாட்டில் பிள்ளைகள் மயங்கி விழுவது நின்றது, முதல் பாடவேளையிலேயே முகத்தில் ஒரு தெளிச்சி வந்தது. ஆனால் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். 2024 ஜூனில் ஆறாம் வகுப்புக்குப் போன பிள்ளைகளுக்கு அது நின்றுபோனது. இது எனக்கு முன்கூட்டியே உறைக்கவில்லை. ஒரு பெண் தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் பள்ளியில் விட வருவாள். அவன் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் வாசலில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பாள். சமைக்கிற அம்மா கூப்பிட்டால், "நான் சாப்பிட்டேன் அத்தை" என்பாள். அவள் சாப்பிட்டிருக்க மாட்டாள் என்று எல்லோருக்கும் தெரியும். அம்மா நூறு நாள் வேலைக்கு விடியக்காலையே போய்விடுவார். ஒரு வருடமாகக் காலையில் உலை வைக்கிற பழக்கமே அந்த வீட்டில் விட்டுப்போயிருந்தது.

அரசு இதை எட்டாம் வகுப்பு வரையாவது நீட்ட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். கிடைக்கிற இடத்திலெல்லாம் சொல்கிறேன், பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானமும் போட்டோம். அதுவரைக்கும் பிள்ளை பட்டினி இருக்க முடியாது. ஏப்ரல் மாதப் பெற்றோர் கூட்டத்தில் இதைத் தனியாகப் பேசுகிறோம்: ஜூனிலிருந்து உங்கள் பிள்ளைக்குக் காலையில் வீட்டில்தான். ராத்திரி சோறு ஒரு பிடி கூட வடித்துத் தண்ணீர் ஊற்றி வையுங்கள், பழைய சோறும் வெங்காயமும் போதும், முடிந்தால் ஒரு வாழைப்பழம். பிள்ளையே எடுத்துச் சாப்பிடக் கோடை விடுமுறையிலேயே பழக்கிவிடுங்கள்.

அதே கூட்டத்தில் இன்னொன்றும் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். "ஆறாப்புக்குப் போ, அங்க தோல உரிச்சுத் தொங்கப் போடுவாங்க" என்று எந்த வீட்டிலும் சொல்ல வேண்டாம். விளையாட்டுக்குத்தான் சொல்கிறோம். பிள்ளைக்கு அது விளையாட்டு இல்லை. தெரியாத ஆசிரியர் முகத்தில் அந்தப் பேச்சைப் பொருத்தி வைத்துக்கொள்கிறது.

சொல்லக் கூச்சப்படுகிற விஷயம் ஒன்று உண்டு. பல ஊர்ப் பிள்ளைகள் சேர்கிற இடத்தில் முதல் கேள்வி "எந்த ஊரு?" இரண்டாவது கேள்வி "எந்தத் தெரு?" அது என்ன கேள்வி என்று நம் எல்லோருக்கும் தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் உடன்படித்த மாணவர்களே ஒரு பையனை வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. அதற்குப் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அமைத்த குழு, கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டி வருவதைத் தடுக்க வேண்டும் என்று 2024 ஜூனில் பரிந்துரை கொடுத்தது. கயிறு ஆறாம் வகுப்பில்தான் கைக்கு ஏறத் தொடங்குகிறது என்பது நான் கண்ணால் பார்த்தது. ஐந்தாம் வகுப்பில் ஒரே தட்டில் ஊறுகாய் தொட்டுத் தின்ற பிள்ளைகள்தான். எனவே "எந்தத் தெரு?" என்று கேட்டால் என்ன சொல்வது என்று நடித்தே பார்க்கிறோம். "பள்ளிக்கூடத் தெரு" என்று ஒருவன் சொன்னான். இப்போது எல்லோரும் அதையே சொல்கிறார்கள். கேட்கிற இடத்தில் நாமே இருக்கக் கூடாது என்பதையும் சேர்த்துத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். யாராவது துன்புறுத்தினால் 1098க்கும், கல்வித்துறையின் 14417க்கும் காசில்லாமல் கூப்பிடலாம் என்று நோட்டின் பின்னட்டையில் எழுத வைக்கிறேன்.

ஒன்றாம் வகுப்புக்கு வருகிற குழந்தைகளுக்கும் இதே கதைதான், அளவு சின்னது. அம்மா சொல்லாமல் நழுவிப் போவதுதான் அங்கே பெரிய தவறு. அழுதாலும் பரவாயில்லை, "சோறு சாப்பிட்டு எந்திரிச்சதும் வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போய், சொன்ன நேரத்துக்கு வந்து நிற்க வேண்டும். நான்கு நாள் அப்படி வந்து நின்றால் ஐந்தாம் நாள் அழுகை பாதியாகிவிடும்.

ஜூன் மாதம் பிள்ளைகள் போன பிறகும் ஆறு வாரம் கண் வைத்திருக்க வேண்டும். திங்கட்கிழமை காலையில் மட்டும் வயிற்றுவலி, நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்ப வருவது, கொண்டுபோன தண்ணீர் புட்டி நிறைந்தபடியே திரும்புவது. இவை பொய்யோ பிடிவாதமோ இல்லை. அந்த வயிற்றுவலி உண்மையாகவே வலிக்கிறது. "எதுக்கு நடிக்கிற?" என்று கேட்காமல், "நாளில் எந்த நேரம் கஷ்டமா இருக்கு?" என்று கேளுங்கள். 'இடைவேளை' என்று சொன்னால் ஒரு காரணம். 'மூணாவது பீரியடு' என்று சொன்னால் வேறு காரணம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பழைய பிள்ளைகள் எங்கள் பள்ளிக்கு வரலாம் என்று வைத்திருக்கிறோம். முதல் வருடம் சும்மா வந்து உட்கார்ந்தார்கள். சிலருக்கு அது புது இடத்தை ஒட்டவிடாமல் பிடித்து இழுத்தது. இப்போது வந்தால் ஒரு வேலை உண்டு: ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு கதை வாசித்துக் காட்ட வேண்டும். வாரம் ஒருநாளாவது மறுபடி மூத்தவர்கள் ஆகிறார்கள். ஆகஸ்டில் வருகை தானாகக் குறைந்துவிடும். குறைய வேண்டும்.

அன்றைக்குத் திரும்பி வந்த பையன் இப்போது ஏழாம் வகுப்பு முடிக்கிறான். போன மாதம் எங்கள் பிள்ளைகளுக்குச் சுற்றிக்காட்டியது அவனும் இன்னொரு பெண்ணும்தான்.

இந்த 2025 ஏப்ரலில் ஐந்தாம் வகுப்பில் ஆறு பேர். ஐந்து தாள் எழுதி முடித்துவிட்டேன். ஆறாவது, தை மாதம் திருப்பூரிலிருந்து வந்து சேர்ந்த பிள்ளையுடையது. அம்மா அப்பா அங்கேயே கம்பெனி வேலையில் இருக்கிறார்கள், இவள் அப்பத்தா வீட்டில். மூன்று மாதம்தான் பார்த்திருக்கிறேன். எதில் கெட்டி என்று தெரியும்: படம் வரைவாள், அதுவும் தையல் எந்திரத்தை அச்சு அசலாக. எது நடந்தால் கலங்குவாள் என்றும் தெரியும்: யாராவது பையைத் தூக்கிக்கொண்டு சீக்கிரம் கிளம்பினால். என்ன செய்தால் தேறுவாள் என்று அவளிடமே கேட்டேன், தோளைக் குலுக்கினாள். அந்த இடத்தை வெறுமையாக விட்டு வைத்திருக்கிறேன். நாளை சாயங்காலம் ஆடு ஓட்டிக்கொண்டு திரும்புகிற நேரத்துக்கு அவள் அப்பத்தாவைப் போய்ப் பார்க்க வேண்டும்.